குறைமாதக் குழந்தைக்குக் குல்லா: குழுவாகப் பின்னிக் கொடுப்பவர்களுக்கான கையேடு

அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் குல்லா பின்னித் தரலாம் என்று கிளம்பும் குழுக்கள் முதல் தவணையில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். குல்லா பெரிதாகிவிடுகிறது. யூடியூபில் ‘நியூபார்ன்’ என்று போட்டிருக்கும் அளவு முழு மாதத்தில் மூன்று கிலோவுக்குப் பிறந்து, வீட்டுக்கு வந்துவிட்ட குழந்தைக்கானது. வார்டில் இருப்பதோ ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ. 27 செ.மீ. சுற்றளவுத் தலை என்றால் ஒரு பெரிய மாதுளம்பழம், அவ்வளவுதான். பெரிய குல்லா கண்ணை மறைக்கும், மூக்குமேல் இறங்கும். சிஸ்டர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார், பிறகு அது அங்கேயே கிடக்கும்.

அதனால் நூல் வாங்கும் முன் வார்டில் கேளுங்கள். சீருடை அணிந்த யாரையாவது பிடித்துக் கேட்பதில் பயனில்லை. பெரிய மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு, பிரிவின் பொறுப்பு செவிலியரைப் பாருங்கள். கேட்க வேண்டியவை இவை: வெளியிலிருந்து வரும் துணியை ஏற்பார்களா? எந்த எடைக் குழந்தைகள் அதிகம்? ஒரு நேரத்தில் வார்டில் எத்தனை பேர்? குல்லா வார்டிலேயே தங்குமா, தாயோடு வீட்டுக்குப் போகுமா? துணி எங்கே, எப்படித் துவைக்கப்படுகிறது? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த நூல் வாங்குவது என்பதை முடிவு செய்வதே அந்தப் பதில்தான்.

எங்கள் கணிப்பில் குல்லா தாயோடு போய்விடுவதே நல்லது. பொதுச் சலவைக்குப் போகும் சின்னத் துணி திரும்பி வருவது அபூர்வம். ஒரு குழந்தை போட்டதை இன்னொரு குழந்தைக்குப் போடும் தொற்றுக் கவலையும் இருக்காது.

எந்தக் கட்டத்தில் பயன்படும்

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதம். இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு. இந்தக் குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு, உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. சூடு தலைவழியாகச் சீக்கிரம் போய்விடும். பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெளியே மே மாதக் கத்திரி வெயிலாக இருந்தாலும் ஈரத் துணியோ மின்விசிறிக் காற்றோ போதும், ஒன்றரைக் கிலோ குழந்தை குளிர்ந்துவிடும்.

ஆனால் சிகிச்சையின் எல்லாக் கட்டத்திலும் குல்லாவுக்கு இடமில்லை. வார்மர் எனப்படும் சூடேற்றும் படுக்கையில், நரம்பில் குழாய், தலையில் ஊசி, மூக்கில் சிபேப் (மூச்சுக்கு உதவும் காற்றழுத்தக் கருவி) குழாய் என்று இருக்கும் குழந்தைக்கு நம் குல்லா இடைஞ்சல். சிபேப்புக்குக் குழாயைப் பிடிக்கும் தனித் தொப்பி உண்டு, அதை மருத்துவமனையே வைத்திருக்கும். மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் படுத்திருக்கும் குழந்தைக்குத் தோல் திறந்திருக்க வேண்டும். குல்லாவுக்கு வேலை வருவது அதற்கு அடுத்த கட்டத்தில், கங்காரு பராமரிப்பில். தாயின் நெஞ்சோடு குழந்தையை நிமிர்த்தி, தோலோடு தோல் படும்படி கட்டி வைப்பார்கள். குழந்தையின் மேல் அப்போது இருப்பது குல்லா, நாப்கின், காலுறை மட்டுமே. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இங்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொடங்கிய முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறையும்கூட.

ஆக, முதல் தவணைக்குக் குல்லா. அது ஒழுங்காக வந்தபின் போர்வை. பூனைக்குட்டி, யானைக்குட்டி பொம்மையெல்லாம் கேட்டால் மட்டும்.

நூல்

பருத்தி. தமிழ்நாட்டு வெயிலுக்கு மட்டுமல்ல, கொதிநீர்ச் சலவைக்கும் அதுதான் தாங்கும். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். கம்பளி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அக்ரிலிக் மென்மையானது, மலிவானது, நிறமும் நிறையக் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து வார்டுகளுக்கு அது சரிப்படும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. இஸ்திரிப் பெட்டி பட்டால் நூல் தளர்ந்து வெந்த சேமியாபோல ஆகிவிடும், திரும்ப நிமிராது. நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். அசல் ஆட்டுக் கம்பளி கொதிநீரில் சுருங்கிக் கெட்டியாகிவிடும், அது வேண்டவே வேண்டாம். வெல்வெட் போன்ற பஞ்சு நூலும் வேண்டாம். அதன் இழை உதிர்ந்து மூக்கில் போகும்.

பருத்தியில் 8 பிளை (பிளை என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்), அல்லது 4 பிளை நூலை இரண்டாகச் சேர்த்துப் பிடித்தது. பளபளப்புக்காக முறுக்கிய லேஸ் நூல் கரகரப்பாக இருக்கும். வாங்கும்போது நூலைக் கையில் தேய்த்துப் பார்க்காமல் கழுத்தின் பக்கவாட்டில், அல்லது உதட்டில் தேய்த்துப் பாருங்கள். உறுத்தினால் விட்டுவிடுங்கள்.

நிறம் எதுவானாலும் வெளிர் நிறமாக இருக்கட்டும். சாயம் போகிறதா என்று பார்க்க, ஒரு முழ நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்துங்கள். கறை பட்டால் அந்த உருண்டையைக் கைவிடுங்கள். உப்பு, வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஆலைச் சாயத்துக்கு அது பலிக்காது. பளிச்சென்ற மஞ்சளைத் தவிர்ப்பது நல்லது. தோலில் மஞ்சள் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், முகத்தை ஒட்டி மஞ்சள் துணி இருந்தால் குழப்பம். கறுப்பு பல வீடுகளில் ஆகாது. இளம்பச்சை, சந்தன நிறம், வெளிர் நீலம், வெளிர் ஆரஞ்சு, இவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆண் குழந்தைக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்று பிரித்துப் பின்னினால் கணக்கு ஒருபோதும் சரியாக வராது.

அளவுகள்

கீழே உள்ள கணக்கு 8 பிளை பருத்தி, 4 மி.மீ. குரோஷா ஊசி, 10 செ.மீ.-க்கு 16 கண்ணி, 12 வரிசை என்ற இழுவைக்கு. குல்லா தலையைவிட 3 முதல் 5 செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும்.

சிறியது: தலை 25–27 செ.மீ., குல்லாச் சுற்று 36 கண்ணி, மொத்தம் 16 சுற்று.
நடு: தலை 28–30 செ.மீ., 40 கண்ணி, 18 சுற்று.
பெரியது: தலை 31–33 செ.மீ., 44 கண்ணி, 20 சுற்று.

சுற்றுக் கணக்கில் கடைசி 4 சுற்று மேலே மடித்துவிட. மடிப்பு இருந்தால் தலை வளர வளர இறக்கிவிட்டுக்கொள்ளலாம். வார்டு வேறு எதுவும் சொல்லாவிட்டால் பத்துக்கு இரண்டு சிறியது, நான்கு நடு, நான்கு பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் உருண்டை ஒன்றில் மூன்று நடு அளவுக் குல்லா வரும்.

எல்லோரும் முதலில் 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று பின்னியே ஆக வேண்டும். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் கை இழுவை ஆளுக்கு ஆள் மாறும். 16-க்குப் பதில் 14 கண்ணி வருகிறவர் 40 கண்ணி போட்டால் சுற்றளவு 25-க்குப் பதில் 28.5 செ.மீ. ஆகிவிடும். நடு அளவு என்று எழுதிய பொட்டலத்தில் பெரிய அளவு இருக்கும். 14 வருகிறவர் 3.5 மி.மீ. ஊசிக்கு இறங்க வேண்டும். 18 வருகிறவர் 4.5-க்கு ஏற வேண்டும். அந்தத் துண்டை வெந்நீரில் ஒருமுறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். பருத்தி சுருங்கும். சுருங்கியபின் வரும் அளவுதான் அளவு.

குரோஷா குல்லா

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’ எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’. பழைய தையல் புத்தகத்தில் கற்ற அம்மாவும் யூடியூபில் கற்ற மகளும் ஒரே ‘டபுள்’ என்ற சொல்லைக் கேட்டு வேறு வேறு உயரத்துக்குப் பின்னுவது இதனால்தான். இங்கே எல்லாம் அமெரிக்கப் பெயர். குல்லா முழுக்க ‘ஹாஃப் டபுள்’, அதாவது ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்து, ஊசியில் இருக்கும் மூன்று வளையத்தையும் ஒரே இழுப்பில் கடப்பது. சிங்கிளில் பின்னினால் விறைப்பாகும். டபுளில் ஓட்டை பெரிதாகும்.

நடு அளவு இப்படி வரும். மேஜிக் ரிங் (இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம்) போட்டு, அதற்குள் 8 ஹாஃப் டபுள். வளையத்தை இழுத்து மூடுங்கள். இணைத்து இணைத்துப் போகாமல் சுருளாகவே தொடருங்கள், அப்போதுதான் தலையில் அழுத்தும் கோடு விழாது. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிறத் துண்டு நூலை அடையாளமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

2-ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் 2. மொத்தம் 16.
3-ஆம் சுற்று: ஒன்றில் 1, அடுத்ததில் 2. மொத்தம் 24.
4-ஆம் சுற்று: இரண்டில் ஒவ்வொன்று, மூன்றாவதில் 2. மொத்தம் 32.
5-ஆம் சுற்று: மூன்றில் ஒவ்வொன்று, நான்காவதில் 2. மொத்தம் 40.
6 முதல் 18 வரை: கூட்டல் இல்லை, கண்ணிக்கு ஒன்று.

சிறிய அளவுக்கு 5-ஆம் சுற்றில் எட்டாவது கண்ணிதோறும் மட்டும் 2, அதனால் 36. பெரிய அளவுக்கு 5-ஆம் சுற்றுவரை நடு அளவு போலவே போய், 6-ஆம் சுற்றில் பத்தாவது கண்ணிதோறும் 2, அதனால் 44. முடிக்கும் இடத்தில் ஒரு சிங்கிள், பிறகு ஒரு ஸ்லிப் ஸ்டிச் போட்டால் சுருளின் படிக்கட்டு தெரியாமல் இறங்கிவிடும். கடைசிச் சுற்றை மட்டும் கொஞ்சம் தளர்வாக, அல்லது அரை மி.மீ. பெரிய ஊசியில் பின்னுங்கள். இறுக்கமான ஓரம் நெற்றியில் தடம் பதிக்கும்.

உச்சி தட்டையாக விரியாமல் கிண்ணமாகக் குவிந்தால் கூட்டல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூடிவிட்டது. 5-ஆம் சுற்று முடிந்ததும் வட்டத்தின் குறுக்களவு 8 செ.மீ. சுமார் இருக்க வேண்டும், அங்கே ஒருமுறை நிறுத்தி அளந்துவிட்டால் பிறகு பிரிக்க வேண்டி வராது. மேஜிக் ரிங்கின் வாலை, அதாவது தொங்கும் நூல் முனையை, ஒரே திசையில் செருகி வெட்டிவிட்டால் நாலாவது துவையலில் உச்சியில் ஓட்டை திறக்கும். வாலை வளையத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டி, பிறகு எதிர்த் திசையில் ஒருமுறை திருப்பி ஓட்ட வேண்டும்.

அளவு பார்க்க வீட்டில் குழந்தை வேண்டியதில்லை. பலூனை ஊதி, டேப்பை வைத்துச் சுற்றளவு 29 செ.மீ. வந்ததும் கட்டிவிடுங்கள். மூன்று அளவுக்கு மூன்று பலூன். துவைத்த குல்லாவைக் காயவைக்க ஏற்ற சுற்றளவுள்ள சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டினால் வடிவம் கெடாது.

இரண்டு ஊசிப் பின்னல் தெரிந்தவர்களுக்கு

மிகச் சின்னத் தலைகளுக்கு இதுதான் நல்லது என்று தயங்காமல் சொல்லலாம். நிட்டிங் துணி இழுபடும், தலையை ஒட்டிக்கொள்ளும், மெல்லிசாகவும் இருக்கும். குரோஷா அவ்வளவு நெகிழாது. ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பாட்டிகள் குழுவில் இருந்தால் சிறிய அளவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

4 மி.மீ. ஊசி, அதே நூல், 10 செ.மீ.-க்கு 22 கண்ணி. நடு அளவுக்கு 56 கண்ணி ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு மட்டும் 5 மி.மீ. ஊசி, இல்லாவிட்டால் விளிம்பு கயிறுபோல இறுகும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 6 செ.மீ. இதில் பாதி மேலே மடிபடும். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று, தொடக்கத்திலிருந்து 11 செ.மீ. வரும்வரை. பர்ல் வரிசையில் நிறுத்துங்கள்.

இனிக் குறைப்பு. 5 நிட் போட்டு அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள், இப்படி எட்டு முறை. 48 ஆகும். பர்ல் வரிசை. அடுத்து 4 நிட், இரண்டைச் சேர்த்து. 40. பர்ல். இப்படி ஒவ்வொரு நிட் வரிசையிலும் எட்டு எட்டாகக் குறைத்துக்கொண்டே வந்து ஊசியில் 8 கண்ணி மிஞ்சும்போது நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, அதை எட்டுக் கண்ணிக்குள்ளும் இருமுறை ஓட்டி இறுக்குங்கள். அதே நூலால் பக்கத்தைத் தைத்துவிடலாம். மடிபடும் 3 செ.மீ. பகுதியை மட்டும் மறுபக்கமிருந்து தைக்க வேண்டும். மடித்தபின் தையல் வெளியே தெரியாது. தடித்த தையல் வேண்டாம். விளிம்புக் கண்ணிகளை எதிரும் புதிருமாகக் கோத்துத் தட்டையாக இணையுங்கள்.

பொத்தான், மணி, பூ, ரிப்பன், தாடைக்குக் கட்டும் நாடா எதுவும் கூடாது. உச்சியில் குஞ்சமும் கூடாது. குழந்தையைச் சாய்க்கும்போது தலை கோணும். வேலைப்பாடு காட்ட ஆசை இருந்தால் நிறப் பட்டை போடுங்கள். ஆனால் ஒவ்வொரு நிற மாற்றமும் இரண்டு நூல் வால், அவற்றைச் செருகும் பொறுமையும் வேண்டும்.

வால் விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். வால் 15 செ.மீ. விடுங்கள், மூன்று திசையில் ஓட்டுங்கள், முடிச்சை நம்பாதீர்கள். காலுறை, கையுறைக்குள் தொங்கும் ஒரே ஒரு இழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விரல் வீங்கிச் சிவந்தபின்தான் தெரியும், பேசாத குழந்தை அழுகையில்தான் சொல்லும். இதனால்தான் கையுறை பின்ன வேண்டாம் என்கிறோம். காலுறை பின்னினால் ஒரே நிறத்தில், உட்புறத்தை வெளியே திருப்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். லேஸ் ஓட்டைகளும் இதே காரணத்துக்காக ஆகாது.

போர்வையும் ஜோடிச் சதுரமும்

போர்வைக்குப் பத்து கைகள் சேரலாம், ஆனால் பத்து கைகளின் இழுவையும் சேராது. சென்னையை மையமாகக் கொண்ட மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது, தனித்தனிக் கைகள் பின்னிய துண்டுகளைச் சேர்த்துத்தான். அளவு பொருந்தாவிட்டால் அப்படி எதையும் இணைக்க முடியாது. சின்னக் குழுவுக்கும் அதே விதி. 15 செ.மீ. சதுர அட்டை வெட்டி ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். சதுரம் அட்டையின்மேல் அரை செ.மீ.-க்குமேல் நீட்டினாலோ குறைந்தாலோ பிரித்துப் பின்ன வேண்டும். சின்னச் சதுரத்தை இழுத்துத் தைத்தால் முதல் துவையலிலேயே போர்வை சுருங்கிக் கோணும்.

16 சதுரம் சேர்ந்தால் 60 × 60 செ.மீ. கங்காரு பராமரிப்பில் குழந்தையின் முதுகை மூட இது போதும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வழக்கமான கிரானி சதுரம் வேண்டாம், விரல் மாட்டும். நெருக்கமான ஹாஃப் டபுள் வரிசையே நல்லது. சமவெளி வார்டுகளில் இதைவிடப் பெரிய போர்வை சுமைதான்.

ஜோடிச் சதுரம் இன்னும் எளிது, புதிதாகக் கற்றவர்களுக்குச் சரியான வேலை. 12 செ.மீ. பருத்திச் சதுரம் இரண்டு, ஒரே மாதிரி. ஒன்றைத் தாய் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார், மற்றொன்று குழந்தையின் பக்கத்தில் இருக்கும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். தாயின் வாசம் குழந்தைக்கு, குழந்தையின் வாசம் தாய்க்கு. வார்டுக்குள் நினைத்தபோது போக முடியாமல் வராந்தாவில் காத்திருக்கும் தாய்க்கு இது பெரிய விஷயம். குழந்தைக்குப் பக்கத்தில் எதையும் வைக்கலாமா என்பது சிஸ்டர் முடிவு. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆக்டோபஸ் பொம்மை பற்றியும் கேள்வி வரும். 2013-இல் டென்மார்க்கில் தொடங்கியது அது. தொப்புள்கொடியைப் பிடிப்பதுபோல் குழந்தை அதன் கைகளைப் பிடித்துக்கொள்ளும், குழாய்களை இழுக்காது என்பார்கள். அழகான யோசனை, ஆனால் அறிவியல் சான்று வலுவானதல்ல. கை நீளம் இழுத்துப் பிடித்தும் 22 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது, அடைத்த பஞ்சு வெளியே தெரியக் கூடாது, 60 டிகிரி வெந்நீரைத் தாங்க வேண்டும் என்று விதிகள் பல. மருத்துவமனை எழுதிக் கேட்டாலொழிய இதில் இறங்காதீர்கள்.

துவைத்துக் கட்டுதல்

பிறந்த குழந்தைக்கு முதல் நாட்களில் புதுத் துணி போடுவதில்லை என்று பல வீடுகளில் வழக்கம் உண்டு. பழைய வேட்டியும் சேலையும்தான் மெத்தென்று இருக்கும். துவைத்துக் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் போய்விடும், சுகாதாரத்துக்கும் அதுதான் சரி. வாசனை குறைந்த சோப்பில், வெந்நீரில் துவைத்து, இரண்டு முறை நன்றாக அலசி, வெயிலில் முறுகக் காயவைக்கவும். துணியை மென்மையாக்கும் திரவம், கஞ்சி, அத்தர் எதுவும் வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட் புகை படியும் இடத்தில் காயவைக்க வேண்டாம். நாய், பூனை வளர்ப்பவர்கள் பின்னும்போதே நூலை மூடிய பையில் வைத்துக்கொள்ளுங்கள், முடி பின்னலுக்குள் போய்விட்டால் துவைத்தாலும் வராது.

அடுத்தது மிக முக்கியம். துணிப் பெட்டியில் அந்துருண்டை போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலின் ஆவி, ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்த நொதி குறைவு பார்த்தவுடன் தெரிவதில்லை. பருத்தியையும் அக்ரிலிக்கையும் அந்துப்பூச்சி தின்னாது, அந்துருண்டை தேவையே இல்லை. ஈரமில்லாத டப்பா போதும். அந்துருண்டை வாசம் பட்ட துணியைக் கொடுக்காதீர்கள்.

காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தனி ஜிப் கவரில் போடுங்கள். சிறியதற்கு வெள்ளை, நடுவுக்குப் பச்சை, பெரியதற்கு நீல நூலைக் கவரின் வாயில் கட்டினால் சிஸ்டர் பிரிக்காமலே எடுத்துக்கொள்வார். அவருக்குச் சீட்டைப் படிக்க நேரம் இருக்காது.

உள்ளே வைக்கும் சீட்டு தாய்க்கு. அதில் வாழ்த்து எழுத ஆசைப்பட வேண்டாம். ‘சீக்கிரம் சரியாகிவிடும்’ என்று எழுதாதீர்கள், அது நமக்குத் தெரியாது. ‘இனிய தருணம்’ என்பதும் அந்த இடத்துக்குப் பொருந்தாது. இவ்வளவு போதும்:

‘உங்கள் குழந்தைக்காகப் பின்னியது. பருத்தி நூல். துவைத்துக் கொடுத்திருக்கிறோம். இது உங்களுடையது, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வெந்நீரில் துவைக்கலாம். வீட்டில் எவ்வளவு நாள் போட வேண்டும் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். தூங்கும்போது முகத்தின்மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’

கடைசி இரண்டு வரிகளை விடாதீர்கள். எடை கூடி வீட்டுக்குப் போன குழந்தைக்குச் சென்னை வெயிலில் எந்நேரமும் குல்லா போட்டு வைத்தால் சூடு ஏறிவிடும். குளிரைப் போல அதுவும் ஆபத்துதான். படிக்கத் தெரியாதவர்களும் தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் வார்டில் இருப்பார்கள். அந்த இரண்டு வரியை வாயால் சொல்லச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் நாள்

வார்டில் 20 தாய்மார் என்றால் 25 கொண்டுபோங்கள். 12 குல்லாவோடு போய் எட்டுப் பேரை ஏமாற்றுவதைவிட ஒரு மாதம் தள்ளிப் போவது மேல். கட்டிலுக்குக் கட்டில் போய்க் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கம் வேண்டாம். பொறுப்பு செவிலியரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குழந்தையின் படமோ தாயின் படமோ எடுக்கக் கூடாது, முகம் மறைத்தும் கூடாது. பேனர், குழுப் பெயர் அச்சிட்ட கவர் இரண்டும் தேவையில்லை. போட்டோ வேண்டுமென்றால் வீட்டிலேயே குல்லாக்களை அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். குழந்தை இறந்துபோகும் வீடுகளுக்கு ஏதாவது தேவைப்படுமா என்பது. வேண்டாம் என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் 40 செ.மீ. சதுரப் போர்வை, உட்புறம் மெல்லிய மல் துணி வைத்துத் தைத்தது. மிகச் சிறிய குழந்தையின் தோல் பின்னலில் ஒட்டும் என்பதால் அந்த உள்துணி. கூடவே 12 செ.மீ. சதுரம் இரண்டு. ஒன்று குழந்தையோடு போகும், ஒன்று தாயிடம் இருக்கும். இந்தக் கவரில் நிற நூல், சீட்டு, எண் எதுவும் வேண்டாம். மற்றவற்றோடு கலக்காமல் தனிப் பையில் கொடுங்கள், எப்போது யாருக்கு என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு மாதம் கழித்து வெறுங்கையோடு ஒருமுறை போய், அலமாரியில் என்ன மீந்திருக்கிறது என்று பாருங்கள். நீல நூல் கட்டியவை அப்படியே இருந்தால் அடுத்த தவணையில் பெரிய அளவைப் பாதியாக்குங்கள். வெள்ளை முதல் வாரத்திலேயே தீர்ந்திருந்தால் நிட்டிங் தெரிந்த பாட்டிகளுக்கு இன்னும் இரண்டு உருண்டை நூல் கொடுங்கள்.